தொடர் குளுக்கோசு கண்காணிப்பில் உணரிப் பழுதுகள்

தொடர் குளுக்கோசு கண்காணிப்புக் கருவி என்பது நீரிழிவு உள்ளவரின் தோலில் ஒட்டப்பட்டு, ஒன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை குளுக்கோசு அளவைத் தானாகவே கணிக்கும் கருவியாகும். சென்சார் என்று பரவலாக அழைக்கப்படும் இதன் உணரி, தோலுக்கடியில் செல்லும் மயிரிழை போன்ற ஒரு மின்முனை. இன்று புழக்கத்தில் உள்ள உணரிகள் பெரும்பாலும் 10 முதல் 15 நாட்களுக்கு வேலை செய்கின்றன. அதற்குள் சில உணரிகள் பழுதடைவதும் உண்டு. பழுதான உணரி உண்மைக்கு மாறாக உயர்ந்த அளவைக் காட்ட, அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்து மயக்கமோ வலிப்போ வரலாம். ஆகவே திரையில் தெரியும் எண்ணை எப்போது ஐயப்பட வேண்டும் என்பது, கருவியைப் பொருத்தத் தெரிந்திருப்பதைப் போலவே முதன்மையானது.

உணரி அளப்பது இரத்தத்தை அன்று

பலருக்கும் முதலில் ஏற்படும் குழப்பம் இதுதான். விரல்நுனியில் குத்தி எடுக்கும் சொட்டு இரத்தம்; உணரி அளப்பதோ உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீர்மம். குளுக்கோசு இரத்தத்திலிருந்து கசிந்து இந்த நீர்மத்தை அடைய நேரம் ஆகும். எனவே உணரியின் எண் பொதுவாக 5 முதல் 15 நிமிடங்கள் பின்தங்கியிருக்கும். சாப்பிட்டபின் சர்க்கரை வேகமாக ஏறும்போதும், உடற்பயிற்சியின்போது இறங்கும்போதும் இரண்டு எண்களும் வெகுவாக விலகும். இது பழுது அன்று.

இழையின் மேல் குளுக்கோசு ஆக்சிடேசு என்னும் நொதி பூசப்பட்டிருக்கும். அது குளுக்கோசுடன் வினைபுரிவதால் உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றுகிறது. இந்த நொதி மின்முனைக் கருத்தை 1962-இல் கிளார்க், லயன்சு ஆகியோர் முன்வைத்தனர். அமெரிக்காவில் 1999-இல் ஒப்புதல் பெற்ற முதல் கருவி மூன்று நாள் அளவுகளைப் பதிவு மட்டுமே செய்தது. மருத்துவர்தான் பின்னர் அதைப் பார்ப்பார். எண்ணை உடனுக்குடன் பார்த்துத் தானே முடிவெடுக்கும் பொறுப்பு பயனருக்கு வந்தது அதற்குப் பிறகே.

பழுது போலத் தோன்றுபவை

இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கிறது. திரையில் 52 மி.கி./டெ.லி. ஆனால் வியர்வையோ நடுக்கமோ இல்லை. உணரி பொருத்திய கையின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தால், அழுத்தத்தால் அவ்விடத்தில் நீர்மத்தின் ஓட்டம் குறைந்து பொய்யான தாழ்ந்த அளவு தோன்றும். வரைபடத்தில் இது திடீரென்று செங்குத்தாக விழுந்து, திரும்பிப் படுத்த சிறிது நேரத்தில் பழைய நிலைக்கு ஏறும். விரல்நுனிச் சோதனை செய்யாமல் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்பவர்கள் காலையில் 250-உடன் விழிப்பதற்கு இது ஒரு காரணம். இத்தகைய அலாரம் அடிக்கடி வந்தால், அடுத்த உணரியைப் படுக்கும்போது அழுந்தாத பக்கத்தில் பொருத்தலாம்.

எண்ணே வராமல் சிக்னல் இல்லை என்று காட்டுவது வேறு வகை. இங்கே உணரி அளந்துகொண்டுதான் இருக்கும்; புளூடூத் தொடர்பு மட்டும் அறுந்திருக்கும். கைப்பேசியை வேறு அறையில் வைப்பது, மின்கலச் சேமிப்பு அமைப்பு செயலியை நிறுத்திவிடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். கைப்பேசியை அருகில் கொண்டுவந்து, புளூடூத்தை அணைத்துப் போட்டுச் சற்றுக் காத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவசரப்பட்டு நல்ல உணரியைப் பிய்த்தெடுத்தால் அதை மீண்டும் பொருத்த முடியாது. விலையுள்ள பொருளை வீணாக்கும் இந்தத் தவறு சாதாரணமாக நடப்பது.

முதல் நாளும் கடைசி நாட்களும்

பொருத்தியவுடன் உணரிக்கு ஆயத்த நேரம் தேவை. டெக்ஸ்காம் ஜி6 வகைக்கு இது 2 மணி நேரம், ஜி7-க்கு ஏறத்தாழ 30 நிமிடம், ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகைக்கு 1 மணி நேரம். அதன் பின்னரும் முதல் 24 மணி நேரத்தில் எண்கள் தடுமாறுவதுண்டு. இழை நுழைந்ததால் திசுவில் ஏற்பட்ட சிறு காயமே காரணம். ஊசி சிறு இரத்தக்குழாயைத் தொட்டு உள்ளே இரத்தம் கட்டினால் தடுமாற்றம் நீடிக்கும். இழை வளைந்துபோனாலும் அப்படியே.

இறுதி நாட்களில் பசை விடுவது பெரிய தொல்லை. வெயிலும் வியர்வையும் மிகுந்த ஊர்களில் இது இன்னும் அதிகம். ஓரம் மட்டும் எழும்பினால் மேலே ஒட்டுப்பட்டை போடலாம். இழையே பாதி வெளியே வந்துவிட்டால் அதை உள்ளே தள்ளக் கூடாது. பொருத்துவதற்கு முன் தோலில் எண்ணெய், களிம்பு எதுவும் இல்லாமல் துடைத்து, சாராய ஈரம் முழுதும் உலர்ந்தபின் ஒட்டுவதே இதற்குத் தடுப்பு.

மருந்துகளால் வரும் பிழை

சில வேதிப்பொருள்கள் மின்முனையில் தாமும் மின்னோட்டத்தை உண்டாக்கி எண்ணை உயர்த்திக் காட்டும். டெக்ஸ்காம் வகைகளில் ஐதராக்சியூரியா என்னும் மருந்தும், லிப்ரேயின் பல வகைகளில் மிகுதியான வைட்டமின் சி மாத்திரைகளும் இப்படிச் செய்யும். பாராசிட்டமால் பழைய வகைகளை வெகுவாகப் பாதித்தது. ஜி6-இல் 6 மணி நேரத்துக்கு 1 கிராம் வரை ஏற்கத்தக்கது. உணரியில் கோளாறு எதுவும் இல்லாதபோதும் எண் தவறாக இருக்கும் என்பதால், கருவியுடன் வரும் குறிப்பில் தன் கருவிக்குரிய மருந்துப் பட்டியலைப் பார்த்து வைப்பது நல்லது.

விரல்நுனிச் சோதனை

ஐயம் தீர்க்கும் வழி இன்றும் குளுக்கோமீட்டர்தான். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்த சொட்டு, இல்லாத சர்க்கரையைக் காட்டிவிடும். திரையில் அம்புக்குறி கிடையாக, அளவு நிலையாக உள்ள நேரத்தில் ஒப்பிட வேண்டும். அப்போதும் இரண்டு எண்களும் ஒன்றாக இராது. பன்னாட்டுத் தரநிலையே மீட்டருக்கு 15 விழுக்காடு வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. மீட்டர் 150 காட்ட, உணரி 170 காட்டினால் கவலைப்பட ஏதுமில்லை. மீட்டர் 110 காட்டும்போது உணரி 210 காட்டினால், அந்த எண்ணை வைத்து இன்சுலின் அளவைக் கணிக்கக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். விலகல் தொடர்ந்தால் உணரி பயனற்றது. அளவுதிருத்தத்தை ஏற்கும் கருவிகளில் மீட்டர் எண்ணை உள்ளிடலாம். ஆனால் சர்க்கரை ஏறி இறங்கும்போது உள்ளிட்டால் நன்றாக இருந்த உணரியும் கெடும்.

எண் என்ன காட்டினாலும், உடலில் படபடப்பு, வியர்வை, குழப்பம் இருந்தால் உடலையே நம்ப வேண்டும். மீட்டர் கைக்கெட்டாவிட்டால் 15 கிராம் சர்க்கரையை உடனே உட்கொள்வது பாதுகாப்பானது. சர்க்கரை உட்கொண்ட பின் உணரி சற்று நேரம் தாழ்ந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். எனவே 15 நிமிடம் கழித்துச் செய்யும் மறுசோதனை விரல்நுனியில் இருக்க வேண்டும்.

உணரியை மாற்றுதல்

கருவியே உணரி செயலிழந்தது என்று அறிவித்தாலோ, எண்கள் மணிக்கணக்கில் விட்டுவிட்டு வந்தாலோ, அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் வைத்தாலோ மாற்றிவிட வேண்டும். சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுவதும் தேவை. காலத்துக்கு முன் பழுதானவற்றைப் பல நிறுவனங்கள் மாற்றித் தருவதுண்டு. அதற்குப் பெட்டியிலுள்ள வரிசை எண்ணும் பழுது வந்த நாளும் கேட்கப்படும். கழற்றிய உணரியைத் திருப்பி அனுப்பச் சொல்லவும் கூடும் என்பதால் உடனே குப்பையில் எறியாமல் வைத்திருக்கலாம். புதியதைப் பழைய இடத்திலிருந்து தள்ளிப் பொருத்த வேண்டும். உணரியின் எண்ணைக் கொண்டு தானாக இன்சுலின் செலுத்தும் பம்பு அணிந்திருப்பவர்கள், உணரி ஐயத்துக்குரியதாகத் தோன்றிய உடனேயே அந்தத் தானியங்கு முறையை நிறுத்திவிட்டு, புதிய உணரி ஆயத்தமாகும் வரை மீட்டரின் எண்ணைக் கொண்டே இன்சுலின் அளவை முடிவு செய்ய வேண்டும்.