வௌவால் விளக்கின் கீழ்

மாலை மங்கிக்கொண்டிருக்கிறது. கோதம் நகரத்துப் போலீஸ் தலைமை நிலையத்தின் மொட்டை மாடியில் வானத்தை நோக்கிய பெருவிளக்கு ஒன்று நிற்கிறது. அதன் கண்ணாடியில் வௌவாலின் உருவம் பதிக்கப்பட்டுள்ளது. அதன் அருகே துப்பறியும் அதிகாரிகள் நின்றாலும், அவர்களில் எவரும் விளக்கின் விசையைத் தொடுவதில்லை. அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் ஸ்டேஸி என்னும் இளம்பெண்ணே முன்வந்து அதை அழுத்துகிறார். மேகத்தின்மீது வௌவாலின் நிழல் விரிகிறது. ஸ்டேஸி போலீஸ் பதவியில் உள்ளவர் அல்லர். தற்காலிக ஊழியராக அமர்த்தப்பட்டவர். துப்பாக்கியும் பதவி வில்லையும் தாங்கியவர்கள் செய்யத் தகாத ஒரு காரியத்தை ஓர் அலுவலகப் பெண் செய்யலாம் என்பது விந்தையாகத் தோன்றவில்லையா? இந்த விந்தைக்குள்தான் நாம் பேச வந்த பொருள் அடங்கியிருக்கிறது.

‘கோதம் சென்ட்ரல்’ என்பது அமெரிக்காவில் டி.சி. காமிக்ஸ் நிறுவனத்தார் 2003 முதல் 2006 வரை வெளியிட்ட படக்கதைத் தொடர். நாற்பது இதழ்களோடு அது நிறைவுற்றது. எட் புரூபேக்கர், கிரெக் ருக்கா என்னும் இருவர் கதை எழுத, மைக்கேல் லார்க் என்பவர் தொடக்கத்தில் சித்திரம் வரைந்தார். கதை நிகழும் இடம் பேட்மேன் என்னும் வௌவால் மனிதனின் ஊர். ஆயினும் பல இதழ்களில் அவன் ஓரிரு கட்டங்களில் மட்டுமே தோன்றுகிறான். சிலவற்றில் தோன்றுவதே இல்லை. மாதச் சம்பளம் பெற்றுக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு, அறிக்கை எழுதி, உயிருக்கு அஞ்சியும் அஞ்சாமலும் அந்நகரத்தில் வேலை பார்க்கும் சாதாரணத் துப்பறிவாளர்களே கதை மாந்தர்கள்.

பேட்மேன் கதைகளில் போலீஸாரின் நிலை தொடக்கத்திலிருந்தே சங்கடமானது. பாப் கேன், பில் ஃபிங்கர் ஆகிய இருவரும் படைத்த அந்த முகமூடி வீரன் 1939ஆம் ஆண்டு மே மாதத்து ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் முதன்முதலாக வெளிவந்தபோதே, கமிஷனர் கார்டனும் அக்கதையில் இருந்தார். அன்று அவர் வீட்டில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்த செல்வந்த இளைஞன் புரூஸ் வேய்ன்தான் பேட்மேன். கார்டனுக்கோ அது தெரியாது. முதலில் போலீஸார் அவனைப் பிடிக்கவே முயன்றனர். 1941இல் அவனைப் போலீஸ் படையின் கௌரவ உறுப்பினனாக ஏற்றுக்கொண்டனர். 1942இல் வௌவால் விளக்கு கதைக்குள் வந்தது. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேடிக்கைத் தொடராக இக்கதை வந்தபோது, எந்தக் குற்றம் நிகழ்ந்தாலும் கமிஷனர் செய்த முதல் காரியம் சிவப்புத் தொலைபேசியை எடுத்ததுதான். பார்த்தவர்கள் சிரித்தனர். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த மற்றவர்களின் மனநிலை என்ன என்று கேட்பார் இல்லை.

இந்தக் குறை பேட்மேன் கதைகளுக்கு மட்டும் உரியதன்று. 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் அறிமுகமான முதல் நாவலிலேயே ஸ்காட்லாந்து யார்டின் லெஸ்ட்ரேட் தவறான முடிவுகளுக்கு வந்து ஹோம்ஸின் கேலிக்கு ஆளாகிறார். துப்பறியும் நாவல் படித்துப் பழகிய நாமும், போலீஸ் அதிகாரி என்றால் கடைசி அத்தியாயத்தில் கைவிலங்குடன் வந்து சேருபவர் என்றே எண்ணிக்கொண்டுவிட்டோம். லெஸ்ட்ரேட் அன்றிரவு வீடு திரும்பி மனைவியிடம் என்ன சொன்னார் என்று நான் சில சமயம் எண்ணிப் பார்த்ததுண்டு.

காவல் நிலையத்தையே கதாநாயகனாக வைத்து எழுதும் மரபும் அமெரிக்காவில் உண்டு. எட் மெக்பேன் என்னும் புனைபெயர் கொண்ட ஆசிரியர் 1956 முதல் எழுதிய 87ஆம் சரகத்து நாவல்கள் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1981இல் தொடங்கிய ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ தொலைக்காட்சித் தொடரும் அவ்வழி வந்ததே. அந்த மரபை முகமூடி வீரனின் ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தியதே ‘கோதம் சென்ட்ரல்’ ஆசிரியர்கள் செய்த காரியம். முதற் கதையை இருவரும் சேர்ந்து எழுதினர். பின்னர் பகல் முறைக் காவலர்களின் கதைகளை ருக்காவும், இரவு முறையினரின் கதைகளைப் புரூபேக்கரும் பெரும்பாலும் பகிர்ந்துகொண்டனர்.

முதற் கதையே இத்தொடரின் உயிர்நிலையைக் காட்டிவிடுகிறது. காணாமற்போன ஒரு சிறுமியைப் பற்றிய துப்பு ஒன்றை விசாரிக்க மார்க்கஸ் டிரைவர், சார்லி ஃபீல்ட்ஸ் என்னும் இரு துப்பறிவாளர்கள் ஒரு கதவைத் தட்டுகின்றனர். நாள்தோறும் நடக்கும் விசாரணைதான். கதவுக்கு அப்பால் இருப்பவனோ மிஸ்டர் ஃப்ரீஸ். எதிரில் நிற்பவரை உறைபனியாக்கிவிடும் கருவி ஏந்திய கொடியவன். ஃபீல்ட்ஸ் அவ்விடத்திலேயே மாள்கிறார். டிரைவர் உயிர் தப்புகிறார். உடன் பணியாற்றியவரைக் கொன்றவனைத் தாங்களே பிடிக்கவேண்டும் என்பது நிலையத்தார் அனைவரின் துடிப்பு. ஆனால் பொழுது சாய்ந்தால் விளக்கு ஏற்றப்படும், பேட்மேன் வருவான், வழக்கு அவன் கைக்குப் போய்விடும். ஆகவே அவர்களுக்கு இருப்பது ஒரு பகற்பொழுது மட்டுமே.

பகல் முடிகிறது. கொலைகாரன் அகப்படவில்லை. இன்னும் பலர் உயிருக்கு ஆபத்து என்பதை உணர்ந்த டிரைவர், விளக்கை ஏற்ற உடன்படுகிறார். பேட்மேன் வந்து ஃப்ரீஸை வீழ்த்துகிறான். உயிர்கள் காக்கப்படுகின்றன. வேறு எந்தப் பேட்மேன் கதையானாலும் இது மகிழ்ச்சியான முடிவு. இங்கோ டிரைவரின் முகத்தில் நன்றியைக் காணோம். தம் நண்பருக்காகத் தாம் செய்திருக்க வேண்டியதை வேறொருவன் சில நிமிடங்களில் செய்துவிட்டுப் போனான் என்ற கைப்பு மட்டுமே தெரிகிறது. அடுத்த கதையில், ஃபீல்ட்ஸ் விட்டுச்சென்ற அந்தச் சிறுமியின் வழக்கை அவர் பிடிவாதமாக எடுத்துக்கொள்கிறார். வீடு வீடாகச் சென்று, பழைய சாட்சிகளை மறுபடி விசாரித்து, ரோமி சாண்ட்லர் என்னும் பெண் அதிகாரியின் துணையுடன் உண்மையைக் காண்கிறார். சிறுமி உயிருடன் மீளவில்லை. ஆனாலும் வழக்கைத் தீர்த்தவர்கள் போலீஸார்.

இனி அந்த விசைக்கு வருவோம். கோதம் போலீஸ் இலாகா பேட்மேனை ஏட்டில் ஒப்புக்கொள்வதில்லை. ஆதலால் இலாகாவின் அதிகாரி எவரும் அவனை அழைத்ததாக இருத்தல் கூடாது; ஸ்டேஸி அழைக்கலாம். கேட்பதற்கு நகைப்பாக இருப்பினும், அமெரிக்கச் சட்டத்தை அறிந்தவர்க்கு இதன் பின்னணி எளிதில் விளங்கும். அந்நாட்டு அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம், அரசாங்கத்தார் நியாயமின்றி ஒருவரது வீட்டையோ உடைமையையோ சோதனையிடுவதைத் தடுக்கிறது. அத்தடை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனிமனிதரைக் கட்டுப்படுத்தாது. தனியார் சிலர் தாமாகவே திருடிக்கொண்டுவந்த காகிதங்களை அரசாங்கம் சான்றாகப் பயன்படுத்தலாம் என 1921இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தனியார் போலீஸாரின் வேண்டுகோளின்பேரில் அதனைச் செய்திருப்பின், அவர் அரசாங்கத்தின் கையாள் ஆகிவிடுகிறார். அவர் கொணர்ந்த சான்றும் தள்ளப்படலாம். மேகத்தில் எழுதிக் காட்டும் வேண்டுகோளைவிடப் பகிரங்கமான வேண்டுகோள் வேறு ஏது? ஸ்டேஸியின் விரலை ஒரு நீதிபதி உண்மையிலேயே ஏற்பாரா என்றால், ஏற்கமாட்டார் என்றே எண்ணுகிறேன். அவருக்கும் சம்பளம் தருவது அந்த இலாகாதானே!

சாட்சியம் மற்றொரு சிக்கல். ஆறாவது திருத்தத்தின்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தமக்கு எதிராகச் சாட்சி சொல்பவரை நேருக்கு நேர் காணும் உரிமை உண்டு. பெயர் சொல்லாத, முகம் காட்டாத ஒருவன் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்வது எங்ஙனம்? அவன் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டுச் சென்றவனைக் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டிய உழைப்பு முழுதும், ஆயாசத்தோடு மேசைமுன் அமர்ந்திருக்கும் அதிகாரியின் தலையில் விழுகிறது. தொடரின் பிற்பகுதியில் வரும் கதை ஒன்று இதனைத் துயரத்தோடு காட்டுகிறது. பேட்மேனின் துணைவனான ராபினின் உடையணிந்த ஒரு சிறுவனின் பிணம் கிடைக்கிறது. அவன் மெய்யான ராபினா, வேடம் புனைந்த வேறொரு சிறுவனா என்று சொல்ல நிலையத்தில் ஒருவராலும் இயலவில்லை. ஆண்டுக்கணக்காக அவனோடு ஒரே தெருக்களில் நடமாடியவர்களுக்கு அவன் முகமோ பெயரோ தெரியாது.

இத்தொடரில் எல்லோர் மனத்திலும் நிற்பவர் ரெனீ மொன்டோயா. பேட்மேனைப் பற்றிய சித்திரத் தொலைக்காட்சித் தொடருக்காக உருவாக்கப்பட்டு, 1992இல் படக்கதையிலும் இடம்பெற்ற பாத்திரம் அவர். ‘ஹாஃப் எ லைஃப்’ என்ற கதையில், அவர் மற்றொரு பெண்ணைக் காதலிக்கிறார் என்பதைக் காட்டும் நிழற்படம் ஒன்று நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. தெய்வபக்தி மிக்க பெற்றோரிடம் இதுவரை மறைத்து வைத்திருந்த செய்தி ஊரறிந்ததாகிவிடுகிறது. அடுத்து அவர்மீது கொலைப்பழியும் விழுகிறது. டூ-ஃபேஸ் என்னும் பாதிமுகம் சிதைந்த குற்றவாளி, அவர் தன்னைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவராகிவிடவேண்டும் என்று செய்த சூழ்ச்சி அது. பேட்மேனின் உதவியால் அவர் உயிரும் பெயரும் மீள்கின்றன. பெற்றோர் வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. முகமூடி வீரனால் ஆகக்கூடியதும் ஆகாததும் எவை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய பேட்மேன் கதை வேறொன்றை நான் படித்ததில்லை. படக்கதைத் துறையில் பெருமதிப்புடைய ஐஸ்னர் விருது 2004இல் இக்கதைக்கு வழங்கப்பட்டது.

விருது கிடைத்தபோதும் விற்பனை பெரிதாக இருந்ததில்லை. மங்கிய வண்ணமும், மழை ஈரம் படிந்த தெருவும், களைத்த முகங்களுமாக லார்க் தீட்டிய பக்கங்கள், வீரன் பறப்பதைக் காண விரும்பியவர்களைக் கவரவில்லை போலும்.

பின்வரும் இதழ்களில் நிலையத்தின் உள்ளேயே அழுகல் தெரியத் தொடங்குகிறது. குற்றம் நடந்த இடத்தில் தடயம் சேகரிக்கும் ஜிம் காரிகன், அத்தடயங்களை ரகசியமாக விற்றுக் காசாக்குகிறான். புகழ்பெற்ற கொடியவர்கள் தொட்ட பொருளை விலைகொடுத்து வாங்கும் பித்தர்கள் அந்நகரத்தில் நிறைய உண்டு! ஒரு துப்பாக்கிச் சண்டைக்குப் பின், மொன்டோயாவின் கூட்டாளியான கிரிஸ்பஸ் ஆலன் சுட்ட குண்டு காணாமற்போகிறது. அது இல்லாமல் அவர் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்க வழியில்லை. மொன்டோயா காரிகனை அடித்து நொறுக்கி, குண்டு இருக்குமிடத்தைச் சொல்லச் செய்கிறார். ஆலன் காப்பாற்றப்படுகிறார். ஆனால் அந்த அடியால், காரிகன்மீது இலாகாவின் உள்விசாரணைக் குழுவினர் பொறுமையாகச் சேர்த்து வைத்திருந்த வழக்கு குலைந்துபோகிறது, அவன் தப்புகிறான். முகமூடி வீரன் இரவுதோறும் செய்யும் அதே காரியத்தை, பதவி ஏற்ற ஓர் அதிகாரி ஒருமுறை செய்தார். அதன் விளைவு இது.

இதற்குள் விளக்கும் அணைந்துவிடுகிறது. நகரத்தில் பலர் உயிரைக் கொண்ட ஒரு பெருங்கலகத்துக்குப் பேட்மேனின் செயலும் ஒரு காரணம் என்று உணர்ந்த கமிஷனர் மைக்கேல் ஏகின்ஸ், 25ஆம் இதழில் வௌவால் விளக்கை மாடியிலிருந்து அகற்றச் செய்கிறார்.

ஆலன் காரிகனை விட்டுவிடவில்லை. மொன்டோயாவுக்கும் தெரியாமல், சட்டம் வகுத்த வழியிலேயே அவனுக்கு எதிராகச் சான்று திரட்டுகிறார். காரிகன் அவரைப் பின்னாலிருந்து சுட்டுக் கொல்கிறான். அவன்மீது குற்றம் நிலைக்கவில்லை. நாற்பதாம் இதழில் மொன்டோயா துப்பாக்கியோடு அவன் வீட்டுக்குப் போகிறார். சுடுவதற்கு நினைக்கிறார், முடியவில்லை. பதவி வில்லையைத் துறந்து அவர் வெளியேறுவதோடு தொடர் முடிகிறது. அதே ஆண்டு தொடங்கிய ‘52’ என்னும் வேறொரு தொடரில் அவரை மீண்டும் சந்திக்கிறோம். அத்தொடர் முடிவதற்குள், ‘தி கொஸ்சன்’ என்னும் பெயர் பூண்டு, கண்ணும் மூக்கும் தெரியாத ஒரு முகமூடியை மொன்டோயாவும் அணிந்துகொள்கிறார்.