அஸர் நிழலும் வெள்ளித் துகளும்

அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு குச்சி போதும். வெயிலில் நட்டு வைத்து, உச்சிப்பொழுதில் அதன் நிழல் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நிழல் வளரும். உச்சி நிழலைக் கழித்த மிச்சம் குச்சியின் உயரத்தை எட்டினால் ஷாஃபி மத்ஹபின்படி, அதாவது ஷாஃபி சட்டப் பள்ளியின்படி, அஸர் தொடங்கிவிட்டது. ஹனஃபிகளுக்கு இரண்டு மடங்கு வளர வேண்டும். காயல்பட்டினத்தில் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாட்களில் உச்சி நிழலே இருக்காது. அந்த நாட்களில், முதல் கணக்கின்படி, உச்சி சாய்ந்து சுமார் மூன்று மணி நேரத்தில், சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது அஸர். இரண்டாவது கணக்கின்படி இன்னும் ஒன்றேகால் மணி நேரம் போக வேண்டும். அப்போது சூரியன் 27 பாகைக்கு இறங்கியிருக்கும்.

பழைய பிலிம் கேமராவோடு தெருவில் இறங்குபவரும் நிழலைத்தான் பார்க்கிறார். தொழுகைக்கு நிழலின் நீளம். படத்துக்கு நிழலின் ஓரம். 'சன்னி 16' என்று ஒரு விதி உண்டு. நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருந்தால் லென்ஸின் துளையை எஃப் 16-இல் வைக்க வேண்டும். ஷட்டர் வேகம் பிலிமின் ஒளியுணர்வு எண்ணை ஒட்டியது: 400 பிலிம் என்றால் நொடியில் 500-இல் ஒரு பங்கு. ஓரம் மங்கினால் எஃப் 11, நிழல் இருக்கிறதா என்று தேடும் நிலை என்றால் எஃப் 8, நிழலே இல்லையென்றால் எஃப் 5.6. ஒவ்வொரு படிக்கும் உள்ளே வரும் ஒளி இரட்டிக்கும். பேட்டரியும் ஒளி மீட்டரும் இல்லாமல் இது பலிக்கக் காரணம் இருக்கிறது. வானத்தில் சூரியன் அரைப் பாகை அகலமே உள்ள சிறு வட்டம். அதனால் நிழலுக்குக் கூர்மை. மேகம் குறுக்கே வந்தால் ஒளி சிதறி, வானம் முழுக்கவே விளக்காகிவிடுகிறது. ஒளி குறைவதும் ஓரம் கரைவதும் ஒரே மேகத்தின் வேலை. ஆகவே ஒன்றைப் பார்த்தால் மற்றதைச் சொல்லிவிடலாம்.

ஐவேளைத் தொழுகையோடு வாழ்பவர் பிலிமுக்கு வந்தால் பாதிப் பாடம் அவருக்கு ஏற்கனவே தெரியும் என்பது என் எண்ணம். அவருடைய நாளைச் சூரியன்தான் பிரித்துக் கொடுக்கிறது. பிலிமும் அதே சூரியனிடம்தான் கணக்குக் கேட்கிறது.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாளிர்' என்ற ஒளியியல் நூலில் ஒரு சோதனையை விவரித்தார். இருட்டறை ஒன்று, அதன் சுவரில் ஒரு துளை, வெளியே வரிசையாகப் பல விளக்குகள். எல்லா ஒளியும் அந்த ஒரே துளை வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும். ஆனாலும் உள்சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனிப் புள்ளி விழுகிறது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் அணைகிறது. கதிர்கள் ஒரே இடத்தில் சந்தித்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. கேமராவுக்குள் படம் விழுவது இந்த ஒரு குணத்தால்தான். மினாராவின் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் வரும் ஒளி லென்ஸில் முட்டிக்கொண்டு குழம்பினால், பிலிமில் வெறும் சாம்பல்தான் மிஞ்சும்.

அந்தப் பிலிமில் என்ன இருக்கிறது? தெளிவான பிளாஸ்டிக் பட்டையின் மேல் ஒரு ஜெலட்டின் பூச்சு. அதற்குள் வெள்ளி ஹாலைடு துகள்கள், அதாவது வெள்ளி புரோமினோடும் சிறிது அயோடினோடும் சேர்ந்த படிகங்கள். ஏறக்குறைய ஆயிரம் துகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் வரும். ஒரு துகள் மேல் ஒளி விழுந்தால் அதில் சில வெள்ளி அணுக்கள் பிணைப்பை விட்டுத் தனி உலோகமாகின்றன. நான்கு அணுக்கள் ஓரிடத்தில் கூடினால் போதும், அந்தத் துகள் 'ஒளி பட்டது' ஆகிவிடும். ஒரு துகளுக்குள் இருக்கும் வெள்ளி அணுக்களோ நூறு கோடி அளவில். இரண்டு லாரி நிறைய அரிசி இருக்க, அதில் நான்கு மணி மட்டும் நிறம் மாறியிருப்பதாக நினைத்துப் பாருங்கள். எந்த நுண்ணோக்கியிலும் தெரியாத இந்தத் தடத்துக்கு மறைபிம்பம் என்று பெயர்.

மறைபிம்பம் பொறுமையானது. 1897-இல் பலூனில் வடதுருவம் தேடிப் போய் இறந்த ஆந்திரே குழுவினரின் பிலிம்கள் 1930-இல் பனியிலிருந்து கிடைத்தன. 33 ஆண்டு கழித்துக் கழுவியபோதும் படங்கள் வந்தன. நோன்பு மாதம் எடுத்த ரோலைப் பெருநாள் கழித்து நிதானமாகக் கழுவலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

அந்த நான்கு அணுக்கள் ஏன் சிதறாமல் ஓரிடத்தில் கூடுகின்றன? விடை மாட்டுத் தீவனத்தில் இருந்தது. ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த பிலிம் வேகமாகவும், இன்னொரு தொகுதியில் செய்தது மந்தமாகவும் இருப்பது கம்பெனிகளுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. கோடாக் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்டு 1925-இல் காரணத்தைக் கண்டுபிடித்தார். கடுகு இனச் செடிகளை மேய்ந்த மாடுகளின் ஜெலட்டினில் கடுகெண்ணெயின் காரத்தைத் தரும் கந்தகச் சேர்மம் துளியளவு இருந்தது. அந்தக் கந்தகம் வெள்ளித் துகளின் மேல் நுண்ணிய கறை போல் ஒட்டுகிறது. ஒளியால் அவிழ்ந்த எலக்ட்ரான்கள் அந்தக் கறையில் வந்து சிக்க, வெள்ளி அணுக்கள் அங்கேயே சேர்கின்றன. சுத்தமான ஜெலட்டின்தான் மந்தமான ஜெலட்டின்.

ஜெலட்டின் என்றதும் முஸ்லிம் வீட்டில் இயல்பாக ஒரு கேள்வி எழும். பிலிமுக்கு உரியது பெரும்பாலும் மாட்டு எலும்பிலும் தோலிலும் இருந்து வருகிறது; பொதுவாக ஜெலட்டினைப் பன்றித் தோலிலிருந்து எடுப்பதும் உண்டு. ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிய பின் அதன் சட்டமும் மாறுமா என்பதை ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்ட அறிஞர்கள் 'இஸ்திஹாலா' என்ற தலைப்பில் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஒரே முடிவுக்கு வராத விவாதம் அது.

உருவப் படம் எடுக்கலாமா என்பது அதைவிடப் பெரிய விவாதம். கேமரா எதையும் படைப்பதில்லை, நிழலைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான் என்று வாதிட்டவர் எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஇ. மாற்றுக் கருத்துள்ள ஆலிம்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த முஃப்திக்கு முன்பே எகிப்து ராணுவப் பொறியாளர் முஹம்மது சாதிக் 1861-இல் மதீனாவையும் 1880-இல் மக்காவையும் படம் பிடித்துவிட்டார். அந்தக் கால முறையில் கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். சில நிமிடங்களே அவகாசம். ஹிஜாஸின் வெயிலில் இதைச் செய்து முடித்த கையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ரமலானில் வெளிச்சம் தலைகீழாகிறது. எடுக்கத் தோன்றுவதெல்லாம் இரவில்தான் இருக்கிறது: தராவீஹ் தொழுகை முடிந்து வரும் கூட்டம், 27-ஆம் இரவில் சீரியல் விளக்கு சுற்றிய மினாரா. பிலிமின் விசித்திரம் இங்கே வெளிப்படுகிறது. மங்கலான ஒளிக்கு ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்போம். போதாது. முதலில் உருவாகும் ஒற்றை வெள்ளி அணு தனியாக அதிக நேரம் தாங்காது; துணைக்கு அடுத்தது விரைவில் வராவிட்டால் கரைந்துபோகும். கொஞ்சம் கொஞ்சமாக வரும் ஒளியில் துகள் எழுதுவதும் அழிவதுமாக இருக்கும். அதற்கு ஈடாக நேரத்தைக் கூட்ட வேண்டும். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிலிமில் மீட்டர் 10 நொடி என்றால் 20 நொடி. 30 நொடி என்றாலோ கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம்.

இனி கழுவுதல். ஒளி புகாத பையின் இருட்டுக்குள் கையை விட்டு, ரோலைக் கண்ணால் பார்க்காமலே சுருள் சட்டத்தில் ஏற்ற வேண்டும். பிலிமின் ஓரத் துளைகள் விரலில் நெருடுவது ஒன்றே வழிகாட்டி. வழுக்கிக்கொண்டு போனால் சரியாக ஏறுகிறது, கறகற என்று முரண்டினால் மடிகிறது. சட்டத்தை டாங்கில் வைத்து மூடிய பின் வெளிச்சத்தில் வேலை செய்யலாம். அதில் ஊற்றும் டெவலப்பர், அதாவது உருத்துலக்கி, மறைபிம்பத்தின் நான்கு அணுக்களைக் கதவாகக் கொண்டு நுழைந்து துகள் முழுவதையும் கறுப்பு வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாத துகளுக்குக் கதவு இல்லை. நான்கு என்பது நூறு கோடியாகும் பெருக்கம் இந்தச் சிறு டாங்குக்குள் நடக்கிறது.

டெவலப்பர்களில் எனக்குப் பிடித்தது ரோடினால். 1891-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றது, இன்றும் செய்கிறார்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து, முதல் நிமிடம் மட்டும் ஆட்டிவிட்டு ஒரு மணி நேரம் அசையாமல் விட்டுவிடும் முறை ஒன்று இருக்கிறது. இதில் பிலிமே தன்னைத் திருத்திக்கொள்கிறது. வெயில் விழுந்த இடத்தில் வேலை அதிகம். அங்கே ஒட்டியிருக்கும் மருந்து சீக்கிரம் தீர்ந்து, கறுப்பதும் தானே நின்றுவிடும். நிழல் விழுந்த இடத்தில் மருந்து மிச்சம் இருப்பதால் அது மெல்ல மெல்ல உருவத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளைச் சட்டையும் எரியாது, தொப்பிக்குக் கீழ் முகமும் இருளாது.

இந்த ஒரு மணி நேரம் மஃரிப் தொழுகைக்கும் இஷா தொழுகைக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்துகிறது. சூரியன் அடிவானத்துக்குச் சுமார் 18 பாகை கீழே இறங்கினால் இஷா. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் சூரியன் செங்குத்தாக இறங்கும்போது 18 பாகைக்கு 72 நிமிடம் ஆகும். தமிழ்நாட்டிலும் அதையொட்டிய கணக்குத்தான். லண்டனில் கோடையின் உச்சத்தில் சூரியன் 18 பாகைக்கு இறங்குவதே இல்லை. நம் ஊரிலோ மஃரிப் பாங்குக்குச் சற்று முன் மருந்தை ஊற்றிவிட்டு, பள்ளிவாசல் போய்த் தொழுது, டீ குடித்துத் திரும்பினால் மருந்தைக் கொட்டும் நேரம். இஷா பாங்குக்குள் ஹைப்போவும் முடிந்துவிடும். ஒளி படாத துகள்களைக் கரைத்து எடுக்கும் திரவம்தான் ஹைப்போ. வெள்ளி உப்பை அது கரைக்கும் என்று 1819-இல் கண்டவர் ஜான் ஹெர்ஷல்.

வெப்பத்துக்கு மட்டும் சலுகை இல்லை. டெவலப்பருக்குப் பிடித்தது 20 பாகை செல்சியஸ். மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் கோடையில் 30-ஐத் தாண்டும். சூட்டில் ஜெலட்டின் ஊறி இளகும். 1960-இல் இந்திய அரசு 'இந்து' பிலிம் தயாரிக்க ஊட்டியைத் தேர்ந்ததில் அந்தக் குளிருக்கும் தூசியில்லாத காற்றுக்கும் பங்கு உண்டு. நம் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டு டாங்கை அதில் உட்கார வைப்பதுதான் வழி. "ஐஸ் கட்டியெல்லாம் எங்கே வாப்பா போச்சு?" என்று உம்மா கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும்.

கடைசியில் தண்ணீர். பிலிமில் ஹைப்போ தங்கினால் ஆண்டுகள் கழித்துப் படம் பழுத்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் அலசினால் நூறு லிட்டருக்கு மேல் போகும். இரு கையால் அள்ளும் அளவு தண்ணீரில் நபிகளார் ஒளு செய்தார்கள் என்று படித்து வளர்ந்தவருக்கு அது உறுத்தும். இல்ஃபோர்டு சொல்லும் முறையில் மூன்றே நிரப்பல்: ஒருமுறை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டவும், அடுத்து 10, அடுத்து 20. அரை லிட்டர் டாங்குக்கு ஒன்றரை லிட்டரில் வேலை முடிந்தது. ஒவ்வொரு நிரப்பலிலும் ஹைப்போ தண்ணீரில் சமமாகப் பரவுகிறது. ஜெலட்டினில் தங்குவது நூறில் ஒரு பங்கு என்று வைத்தாலும், மூன்றாவது முடிவில் அது பத்து லட்சத்தில் ஒன்று.

தீர்ந்த ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். படத்தில் சேராத வெள்ளி முழுவதும் அதில்தான் கரைந்து கிடக்கிறது. தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு அது நஞ்சு. பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வைத்து, கொஞ்சம் இரும்பு நாரைப் போட்டால் இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் இறங்கும். அந்தச் சேற்றை வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுக்கலாம்.