மௌனத் துறவிகள் கட்டிய சத்திரம்

பேச்சைத் துறந்தவர்கள் கட்டிய கட்டடம் அது. ஆனால் பல நூற்றாண்டுகளாக அங்கே பேச்சும் சிரிப்பும் ஓயவில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கே, பாத் நகருக்குத் தெற்கில் உள்ள சிற்றூர் நார்ட்டன் செயின்ட் ஃபிலிப். அங்குள்ள ஜார்ஜ் சத்திரத்தை 14-ம் நூற்றாண்டில் எழுப்பியவர்கள், அருகிலிருந்த ஹின்ட்டன் மடாலயத்தின் கார்த்தூசியத் துறவிகள். மௌனம் அவர்களது விரதம். கம்பளி அவர்களது வருமானம். ஊரில் கூடிய சந்தைக்கு வரும் வியாபாரிகளுக்குத் தங்க இடம் வேண்டும், சரக்குக்குக் கிடங்கு வேண்டும். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கணக்கு கட்டடத்தில் இன்றும் தெரிகிறது. தரைத்தளம் முழுக்கக் கல். ஈரத்தையும் பாரத்தையும் தாங்கும். அதன்மேல் 15-ம் நூற்றாண்டில் அமைத்த இரண்டு மாடிகளும் மரச் சட்டங்களைக் கோத்து இடைவெளியை அடைத்துப் பூசியவை. கல்லைவிட எடை குறைவு. மேல்தளம் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. தெருவை அடைக்காமலே மேலே கூடுதல் இடம் பெறுவதற்கான அந்தக் காலத்து உபாயம் இது. உச்சியில் சரக்கு வைக்கும் பரண். நடுவில் வளைவு வாசல். உள்ளே முற்றம், அதையொட்டி மரத் தாழ்வாரம்.

1539-ல் எட்டாம் ஹென்றி ஹின்ட்டன் மடாலயத்தைக் கலைத்தார். இன்று அங்கே மிஞ்சியிருப்பவை சில இடிபாடுகள் மட்டுமே. சத்திரமோ பிழைத்துக்கொண்டது. 1685-ல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராகக் கலகக் கொடி உயர்த்திய மான்மத் கோமகன் தன் படையோடு வந்து இங்கே தங்கினார். சில வாரங்களில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. கம்பளிச் சந்தையும் காலப்போக்கில் போயிற்று. வழிப்போக்கர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள்.

இப்போது சட்டத்தின் துணையும் உண்டு. மிக உயர்ந்த, முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், உரிமையாளரே ஆனாலும் அனுமதியின்றிக் கட்டடத்தின் தன்மையை மாற்ற முடியாது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால்? ஸ்டாஃபோர்ட்ஷையரில், நிலக்கரிச் சுரங்கத்தால் தரை இறங்கிச் சாய்ந்தே நின்று புகழ்பெற்ற 'க்ரூக்கட் ஹவுஸ்' மதுவிடுதி அந்தப் பட்டியலில் இல்லை. 2023 ஆகஸ்டில் விற்கப்பட்ட சில நாட்களில் அது தீப்பிடித்தது. இரண்டே நாளில் இடித்துத் தள்ளப்பட்டது. பழையபடி கட்டித் தரும்படி 2024 பிப்ரவரியில் உள்ளாட்சி மன்றம் உத்தரவிட்டது.

கட்டிவிடலாம். ஆனால் 18-ம் நூற்றாண்டுச் சுவர் தானாகச் சாய்ந்த சாய்வை எந்தக் கொத்தனார் கொண்டுவருவார்? ஜார்ஜ் சத்திரத்தின் அதிர்ஷ்டம், அதைப்பற்றி இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.