பூனைக்குக் காப்பீடு: பிரீமியம் கட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இளைஞர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் அண்மைக் காலமாக ஒன்று கூடியிருக்கிறது: "ஹஜ்ரத், பூனைக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா?" பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் சிரித்துவிடுகிறார்கள். ஆனால், ஒரே ஒரு அறுவைச் சிகிச்சைக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்த வீட்டுக்கு அது சிரிப்பான கேள்வியாக இருக்காது.

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கட்டும் பணத்துக்கு அது பயன் தருமா என்பது ஒன்று. மார்க்கம் அதை எப்படிப் பார்க்கிறது என்பது மற்றொன்று. பயன் இல்லாத ஒன்றுக்கு ஃபத்வா தேடிப் பயனில்லை என்பதால் முதல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

விலங்குக்குக் காப்பீடு என்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் மாட்டின் காதில் மாட்டியிருக்கும் வில்லையைக் காட்டுவார்கள். வில்லை இல்லையென்றால் இழப்பீடும் இல்லை என்பது அந்தக் காப்பீட்டின் பால பாடம். தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ், 2024 பிப்ரவரியில் எடுக்கப்பட்ட முடிவின்படி, பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டுமே பயனாளி கட்டினால் போதும். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. மாடு ஒரு குடும்பத்தின் வருமானம் என்பதால் அரசு கை கொடுக்கிறது. பூனைக்கு அந்த மானியம் கிடையாது. முழுப் பிரீமியமும் நம் பையிலிருந்துதான் போக வேண்டும்.

வெளிநாட்டிலும் கால்நடைகளில் தொடங்கித்தான் இது வீட்டுப் பிராணிகளுக்கு வந்தது. ஸ்வீடனில் 1890-ல் குதிரைக்கும் மாட்டுக்கும் தொடங்கிய காப்பீடு, 1924-ல் நாய்க்கு வந்தது. அமெரிக்காவில் 1982-ல் ஒரு நிறுவனம் தன் முதல் பாலிசியைத் தொலைக்காட்சிப் புகழ் பெற்ற 'லாஸி' நாய்க்குக் கொடுத்து விளம்பரம் தேடிக்கொண்டது. நம் நாட்டில் நாய்க்கான பாலிசிகள் முன்பே இருந்தன. பூனைக்கென்று தனிப் பாலிசியை பஜாஜ் அலையன்ஸ் நிறுவனம் 2022-ல் கொண்டுவந்தது. அறுவைச் சிகிச்சை மற்றும் மருத்துவமனைச் செலவு, இறப்பு, வெளிநோயாளிச் சிகிச்சை, பூனையால் பிறருக்கு ஏற்படும் சேதம், திருட்டு அல்லது காணாமல் போதல் எனப் பல பிரிவுகள் அதில் உண்டு. எல்லாப் பிரிவும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. எதைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினோமோ அது மட்டும்தான்.

மாட்டுக் காப்பீடு பெரும்பாலும் மாடு இறந்தால் அதன் விலையைக் கொடுப்பதற்கானது. பூனைக் காப்பீட்டில் நமக்குப் பயன்படக்கூடியது, பூனை உயிரோடு இருக்கையில் வரும் மருத்துவச் செலவைக் கொடுக்கும் பகுதி. தெருவிலிருந்து வந்து வீட்டில் ஒட்டிக்கொண்ட நாட்டுப் பூனைக்குச் சந்தை விலை என்ன? ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனவே 'இறப்பு இழப்பீடு' என்ற பிரிவுக்கு நாட்டுப் பூனை வளர்ப்பவர் பணம் கட்டுவதில் பெரிய அர்த்தம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பல ஆயிரம் கொடுத்துப் பாரசீகப் பூனை வாங்கியவர், வாங்கிய ரசீது கையில் இருந்தால், அதை யோசிக்கலாம்.

இனி, காஞ்சிபுரத்துப் பூனைக்கு என்ன ஆபத்து வரும் என்று பார்ப்போம். நாய் கடிக்கும், வண்டி மோதும், மாடியிலிருந்து விழும். இவை எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊருக்கே உரிய ஒன்று நூல். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் பாவும் தாரும் இல்லாத வீடு குறைவு. கஞ்சி போட்ட பாவை எலி கடிக்கும் என்பதால் தறி வீட்டில் பூனை இருப்பது நல்லதுதான். ஆனால் அதே வீட்டில் அறுந்த பட்டு இழையும், ஜரிகைப் பிசிறும் தரையில் கிடக்கும். பூனைக்கு அது விளையாட்டுப் பொருள். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. ஒரு முறை நாக்கில் சிக்கிய நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது. விழுங்கிக்கொண்டேதான் போகும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் கொடுமை. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அதை வெளியே தள்ள முயலும்போது, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதுபோல், குடலே நூலின் மீது சுருங்கி மடியும். பட்டு நூலின் உறுதியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது குடல் சுவரை அறுத்துவிடவும் கூடும். பூனை தொடர்ந்து வாந்தி எடுப்பது, சாப்பிடாமல் ஒரு மூலையில் சுருண்டு கிடப்பது ஆகியவை அடையாளங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலும் இதற்கு வழி அறுவைச் சிகிச்சைதான்.

ஆகவே பாலிசி விற்க வருபவரிடம் நாம் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: "எங்கள் பூனை நூலை விழுங்கி, வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டி வந்தால் பணம் கிடைக்குமா? அதை விபத்து என்பீர்களா, நோய் என்பீர்களா?" நோய்க்குப் பொதுவாகக் காத்திருப்புக் காலம் ஒன்று வைத்திருப்பார்கள், பாலிசி தொடங்கிய நாளிலிருந்து அது முடியும்வரை வரும் நோய்க்குப் பணம் வராது. விபத்துக்கு அந்தக் காலம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். 'உரிமையாளரின் கவனக்குறைவு' என்ற விதிவிலக்கும் பல பாலிசிகளில் உண்டு. தரையில் நூலை விட்டுவைத்ததைக் கவனக்குறைவு என்று நாளை சொல்வார்களா? வாய்ப்பேச்சாக வரும் பதிலை நம்ப வேண்டாம். மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் மார்க்க நூல்களையே அதிகம் படித்தவர்கள் என்றாலும், பாலிசிப் பத்திரத்தைப் படிப்பதும் ஒரு மத்னைப் படிப்பது போலத்தான் இருக்கிறது. முதலில் வரையறைகள், பிறகு விதி, பிறகு விலக்கு. விளம்பரத் தாளில் விதி பெரிய எழுத்தில் இருக்கும். விலக்கு பத்திரத்தின் உள்ளே எங்கோ இருக்கும். விலக்கிலிருந்து தொடங்கிப் படியுங்கள்.

விலக்குகளில் பரவலாகக் காணப்படுபவை சில. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குப் பணம் இல்லை. தடுப்பூசி போட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நோய்க்கு, ஊசி போட்டதற்கான சான்று இல்லையென்றால் பணம் இல்லை. கருத்தடை அறுவை, பிரசவம், உண்ணி மருந்து, குடற்புழு மருந்து, அழகு சார்ந்த சிகிச்சை இவையும் பொதுவாக வெளியேதான் நிற்கும். வயது வரம்பு உண்டு. குட்டிக்குச் சில வாரங்கள் ஆகியிருக்க வேண்டும், வயதான பூனையைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். நாட்டுப் பூனையை ஏற்பார்களா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

தடுப்பூசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாந்தியும் கழிச்சலுமாகக் குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் 'பான்லூக்கோபீனியா' வைரஸ் நோய்க்கும், சளி போல வரும் வேறு இரண்டு வைரஸ்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்கிறது. குட்டிக்கு எட்டு வார வயதையொட்டித் தொடங்கி, சில வார இடைவெளியில் மீண்டும் போடுவார்கள். வெறிநோய்க்கான ஊசி தனி; மூன்று மாத வயதில் போடலாம். இந்த ஊசிகளைப் பதிந்த சிறு புத்தகம் இல்லாமல் எந்தப் பாலிசியும் பிற்பாடு பயன்படாது. கையில் இருக்கும் பணம் ஊசிக்கா பிரீமியத்துக்கா என்ற நிலை வந்தால், ஊசிக்குத்தான் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. வெறிநோய் பூனை வழியாகவும் மனிதருக்கு வரும். பூனை கடித்தாலோ பிராண்டினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் 'சின்னக் கீறல்தானே' என்று விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது அடையாளம். மாட்டுக்கு வில்லை என்றால் பூனைக்கு 'சிப்'. அரிசி அளவுள்ள அது தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி மூலம் வைக்கப்படும். கருவியால் தடவினால் எண் தெரியும். சில நிறுவனங்கள் சிப் வைத்த பூனைக்குப் பிரீமியத்தில் சிறு தள்ளுபடி தருகின்றன. சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி நான்கு பூனைகள் திரியும் தெருவில், சிகிச்சை பெற்றது நம் பூனைதான் என்று நிரூபிக்க வேறு நல்ல வழியும் இல்லை.

இப்போது கணக்கு. புரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம்: ஆண்டுப் பிரீமியம் 1,500 ரூபாய், காப்பீட்டுத் தொகை 25,000. நூல் விழுங்கிய பூனைக்கு அறுவைச் செலவு 20,000 ஆனது. பில்லில் 10 சதவீதம் உரிமையாளர் பங்கு என்று பத்திரத்தில் இருந்தால் 18,000 வரும். ஆனால் 'ஓர் அறுவைக்கு உச்ச அளவு 10,000' என்று உள்ளே ஒரு வரி இருந்தால் வருவது 10,000 மட்டுமே. 25,000 என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்தவர் அந்த வரியைப் பார்த்திருக்க மாட்டார். இன்னொரு வீட்டில் ஐந்து ஆண்டுகளில் 7,500 கட்டியாகிவிட்டது. பூனைக்கு வந்ததெல்லாம் காய்ச்சலும் தோல் அரிப்பும்தான். வெளிநோயாளிப் பிரிவை எடுக்கவில்லை. அங்கே திரும்பி வந்தது ஒரு ரூபாயும் இல்லை. அது மோசடி அல்ல, காப்பீடு அப்படித்தான் இயங்கும்.

காய்ச்சல், சிறு காயம் போன்றவற்றுக்கு நம் ஊரிலேயே அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஆகும் செலவுக்குக் காப்பீடு தேவைப்படாது. பெரிய அறுவை என்றால் பலரும் சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி, சென்னை வேப்பேரியில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறார்கள். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. அதன் மருத்துவமனையில் தனியாரை விடக் குறைந்த செலவில் பார்ப்பார்கள். வேப்பேரிக்குப் போக முடிந்தவருக்குக் காப்பீட்டின் தேவை குறைவு. நள்ளிரவில் தனியார் மருத்துவமனையை விட்டால் வழியில்லை என்ற நிலையில் உள்ளவருக்கு, அறுவைச் சிகிச்சைப் பிரிவு மட்டும் உள்ள எளிய பாலிசி பொருந்தலாம்.

இனி மார்க்கக் கேள்வி. ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் அதற்காகத் தண்டிக்கப்பட்டதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. வளர்க்கும் பிராணியின் பராமரிப்பு உரிமையாளர் மீது கடமை என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். கதவைச் சாத்திய அடுக்கு மாடி வீட்டில் பூனை வளர்ப்பவருக்கு இந்தப் பொறுப்பு இன்னும் கனமானது. ஆனால் பராமரிப்புதான் கடமை. காப்பீடு அதற்கான வழிகளில் ஒன்று மட்டுமே.

அந்த வழி கூடுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. நிச்சயமின்மை, அதாவது 'கரர்', அதிகம் இருப்பதால் நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீடு கூடாது என்றும், பரஸ்பர உதவியாக அமைந்த கூட்டுக் காப்பீடு கூடும் என்றும் ஜித்தாவில் 1985 டிசம்பரில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. மலேசியாவிலும் இலங்கையிலும் இயங்கும் தகாஃபுல் நிறுவனங்கள் இந்தக் கூட்டு முறையைச் சார்ந்தவை. இலங்கையில் அமானா தகாஃபுல் 1999 முதல் இருக்கிறது. நம் நாட்டில் அத்தகைய நிறுவனம் இல்லை. இந்திய ஃபிக்ஹ் அகாடமி, கலவரங்களில் உயிரும் உடைமையும் பறிபோகும் நிலையைக் கருதி ஒரு சலுகை கொடுத்தது. வாகனக் காப்பீடு சட்டத்தின் கட்டாயம். பூனை விஷயத்தில் அந்த நிர்ப்பந்தமும் இல்லை, சட்டமும் இல்லை. எனவே தவிர்ப்பதே நம் பார்வையில் பேணுதலானது. அனுமதிக்கும் அறிஞர்களைப் பின்பற்றி எடுப்பவரை நாம் குறை சொல்ல மாட்டோம்.

தவிர்ப்பவருக்கு என்ன வழி? மாதம் 150 ரூபாய் தனியாக எடுத்துவைத்தால் ஆண்டுக்கு 1,800. ஆனால், இரண்டாவது மாதமே அறுவை வந்தால் அந்தச் சேமிப்பு போதாது. சேமிப்பின் பலவீனம் அதுதான். பத்து, இருபது வீட்டார் சேர்ந்து, திரும்பக் கேட்காத அன்பளிப்பாக ஒரு பொது நிதியில் போட்டு, தேவைப்படும் வீட்டுக்கு எடுத்துக் கொடுக்கலாம். தகாஃபுலின் அடிப்படையான 'தபர்ருஉ' இதுதான். உச்ச அளவை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். கணக்கை இருவர் பார்க்கட்டும். ஜகாத் பணத்தை இதில் சேர்க்கக் கூடாது. அதற்குரிய எட்டுப் பிரிவினர் வேறு.

பாலிசி எடுத்துவிட்டவர்களுக்கு: பூனை நோயுற்ற அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பெரும்பாலும் முதலில் நாம்தான் பணம் கட்டி, பிறகு கேட்டு வாங்க வேண்டியிருக்கும்; ஆகவே கையில் பணம் இல்லாதவருக்கு அந்த இரவில் பாலிசி உதவாது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் சீட்டு, எக்ஸ்ரே, மருந்து ரசீது, ஊசிப் புத்தகம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் எண் 155255.