முதியோர் இல்லத்தின் தரத்தை அளப்பது எப்படி? தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர், இவ்விகிதம் 2031 ஆம் ஆண்டில் 18 விழுக்காட்டைத் தாண்டும் என்று நடுவணரசின் மக்கள்தொகை மதிப்பீட்டுக் குழு கணித்துள்ளது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியிலும், பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வளைகுடா நாடுகள் என்று பிழைப்புக்காகப் பிரிந்து செல்வதால், வயதான பெற்றோரைப் பேணும் பொறுப்பு இல்லங்களின் கைக்கு மாறிவருகிறது. இல்லத்தில் சேர்ப்பது தவறா சரியா என்ற விவாதம் பல வீடுகளில் நீள்கிறது. ஆனால் சேர்க்கும் இடத்தில் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்பதை முறையாக ஆராயும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

சுந்தரபாண்டியபுரம் விடுத்த எச்சரிக்கை

2025 ஜூன் மாதத்தில் தென்காசி மாவட்டம் சுந்தரபாண்டியபுரத்தில் இயங்கிய முதியோர் இல்லம் ஒன்றில், உணவு உட்கொண்டபின் பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டு, அவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் அந்த இல்லம் மூடப்பட்டு, எஞ்சியோர் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். இளம் உடல் ஓரிரு நாளில் தாங்கிக் கடந்துவிடும் வயிற்றுப்போக்கு, தாக உணர்வு குன்றி, சிறுநீரகத்தின் ஆற்றலும் தளர்ந்த முதிய உடலில் சில மணி நேரத்திற்குள் நீரிழப்பையும் இரத்த அழுத்தச் சரிவையும் உண்டாக்கிவிடும். ஆகவே முதியோர் இல்லத்தில் சமையலறையின் தூய்மையையும், முதல் அறிகுறி தோன்றியதும் அதை உணர்ந்து செயல்படும் விரைவையும் வெறும் வசதிகளாகக் கருத இயலாது. அவை உயிர்காக்கும் மருத்துவத்தின் பகுதிகளே ஆகும்.

மதிப்பிடுவதற்கான மூன்று படிகள்

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அளப்பதற்கு அவெடிஸ் டோனபீடியன் என்னும் அறிஞர் 1966 ஆம் ஆண்டில் வகுத்த முறை இன்றளவும் உலகெங்கும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அவர் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பகுத்தார். கட்டடம், கருவிகள், பணியாளர் எண்ணிக்கை, அவர்தம் பயிற்சி ஆகியவை கட்டமைப்பு. உணவூட்டுதல், மருந்து கொடுத்தல், குளிப்பாட்டுதல் முதலிய அன்றாடப் பணிகள் நடைபெறும் விதம் செயல்முறை. இவ்விரண்டின் பயனாக அங்கு வாழ்வோரின் உடலிலும் மனத்திலும் காணப்படும் நிலை விளைவு. இல்லத்தைப் பார்க்கச் செல்லும் குடும்பத்தார் பெரும்பாலும் முதற்படியாகிய கட்டடத்தைப் பார்த்த அளவில் முடிவுக்கு வந்துவிடுகின்றனர். அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டு முதல் இத்தகைய இல்லங்களுக்கு அரசே நட்சத்திரக் குறியிட்டுத் தரவரிசை வெளியிடுகிறது. அத்தகைய பொதுத் தரவரிசை இல்லாத நம் நாட்டில் மதிப்பீட்டாளரின் வேலையைக் குடும்பத்தாரே செய்ய வேண்டியிருக்கிறது.

கட்டமைப்பு: பதிவும் ஆட்களும் இடமும்

மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இல்லம் முறையாகப் பதிவு பெற்றுள்ளதா என்பதே முதல் வினா. முதியோருடன் மனநோயாளிகளையும் சேர்த்துக்கொள்ளும் இல்லமாயின், 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் அதற்குரிய பதிவும் தேவைப்படுகிறது. அடுத்து, பகலில் காணப்படும் பணியாளரைக் காட்டிலும் இரவில் எத்தனை பேர் விழித்திருக்கின்றனர் என்பதைக் கேட்டறிவது இன்றியமையாதது. ஏனெனில் கழிப்பறைக்குச் செல்லும்போது தடுக்கி விழுவதும், திடீர் மூச்சுத்திணறலும் இரவில் நேரும்போது உதவி எளிதில் எட்டுவதில்லை.

குற்றாலத்தின் பருவநிலை இங்குத் தனியாகக் கருதத்தக்கது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து வரும்போது பொழியும் சாரல், சுற்றுலாப் பயணியருக்கு இன்பம் தந்தாலும், முதியோர் தங்கும் கட்டடத்தில் தரையை வழுக்கலாக்குகிறது. சுவரில் பூஞ்சையைப் படரவிடுகிறது. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளோரின் மூச்சை வாட்டுகிறது. பீடித் தொழில் பரவலாக உள்ள இம்மாவட்டத்தில், புகையிலைத் தூளுக்கிடையே ஆண்டுக்கணக்கில் அமர்ந்து உழைத்த பெண்கள் பலர் முதுமையை எட்டியிருப்பதால் இது சிறு செய்தி அன்று. எனவே வழுக்காத தரை, நடைவழியிலும் கழிப்பறையிலும் கைப்பிடி, படுக்கையருகே இரவு விளக்கு, ஈரத்துணி அறைக்குள் தொங்காத ஏற்பாடு, கொசு புகாத சாளரம் ஆகியவற்றைச் சாரல் காலத்திலேயே நேரில் சென்று பார்ப்பது நலம்.

செயல்முறை: உணவும் மருந்தும்

சமைத்த உணவு 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் இருக்கும்போதே நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகுகின்றன. அதனால் சமைத்தபின் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அறை வெப்பநிலையில் வைத்த உணவைப் பரிமாறலாகாது என்பது உணவுப் பாதுகாப்பின் அடிப்படை விதி. இறைச்சி எங்கிருந்து வாங்கப்படுகிறது, எவ்வாறு பதப்படுத்தி வைக்கப்படுகிறது, குடிநீர் எந்த மூலத்திலிருந்து பெறப்படுகிறது, மேல்நிலைத் தொட்டி எப்போது கழுவப்பட்டது என்ற கேள்விகளுக்குப் பொறுப்பாளர் தயங்காது விடை கூற வேண்டும். வெளியிலிருந்து நன்கொடையாக வரும் உணவை ஏற்பதில் இல்லத்திற்கு ஏதேனும் கட்டுப்பாடு உண்டா என்பதையும் விசாரிக்கலாம். பல் இழந்தோர்க்குக் குழைந்த உணவும், நீரிழிவு உள்ளோர்க்கு அளவறிந்த உணவும் தனித்தனியே தரப்படுகின்றனவா என்பதை உணவு வேளையில் சென்று பார்த்தால்தான் தெரியும்.

மருந்தைப் பொறுத்தவரை, ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவேடு இருக்க வேண்டும். எந்த மருந்து, எந்த அளவில், எந்த நேரத்தில், யாரால் கொடுக்கப்பட்டது என்பது அதில் குறிக்கப்பட வேண்டும். முதியோர்க்கு நன்மையினும் தீங்கு மிகுதியாகச் செய்யக்கூடிய மருந்துகளின் பட்டியலை மார்க் பீர்ஸ் என்னும் மருத்துவர் தலைமையிலான குழு 1991 ஆம் ஆண்டில் முதியோர் இல்லவாசிகளுக்கென்றே தொகுத்தது. நீண்டநேரம் வேலை செய்யும் தூக்க மாத்திரைகள் அப்பட்டியலில் இடம்பெற்றவை. ஒரு முதியவர் பகல் முழுதும் மயங்கிக் கிடப்பின், அது முதுமையின் இயல்பா, மருந்தின் விளைவா என்று கேட்பதற்குக் குடும்பத்தார்க்கு முழு உரிமை உண்டு.

விளைவு: உடல் காட்டும் சான்றுகள்

பதிவேடுகளைத் திருத்தி எழுதலாம். உடலில் பதிந்த புறக்கணிப்பை எளிதில் மறைக்க இயலாது. அவ்வகையில் முதலில் நோக்க வேண்டியது படுக்கைப்புண். ஒரே நிலையில் நெடுநேரம் படுத்திருப்பதால் எலும்பு புடைத்த இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழிவதே இப்புண்ணாகும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் அழுத்தினாலும் மறையாத செம்மையாக இது தொடங்குகிறது. கருநிறத் தோலில் அச்செம்மை புலப்படாது போகலாம் என்பதால், தொட்டுப்பார்த்து வெம்மையையும் கடினத்தையும் உணர வேண்டும். எழ இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்து, ஈரமின்றித் துடைத்து, புரதம் மிகுந்த உணவு கொடுத்தால் இப்புண்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

அடுத்தது உடல் எடை. ஒரு மாதத்தில் 5 விழுக்காடோ, ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ எடை குறைந்தால் அது மருத்துவ ஆய்வுக்குரியது. 50 கிலோ எடையுள்ள மூதாட்டி ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ இழப்பது இதில் அடங்கும். எனவே மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்துவைக்கும் இல்லமே நம்பத்தக்கது. வறண்ட நாக்கு, அடர்நிறச் சிறுநீர், வெட்டப்படாத நகம், விளக்கம் தரப்படாத கன்றிய தழும்பு ஆகியனவும் கவனத்திற்குரியவை.

கட்டிப்போடுதல் எவ்வடிவிலும் பராமரிப்பு ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயிலிருந்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. வெளிப்புறம் பூட்டிய அறை, கட்டிலோடு கட்டிய துணி ஆகியவற்றைக் காண நேர்ந்தால், அவ்வில்லத்தில் ஆள்பற்றாக்குறையைக் கயிற்றால் ஈடுசெய்கின்றனர் என்று உணரலாம்.

அவசர காலத்திற்கான ஏற்பாடு

குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் அளவில் தென்காசிக்கு அண்மையில் இருந்தபோதிலும், சீசன் காலத்து விடுமுறை நாள்களில் குற்றாலச் சாலையில் வண்டிகள் நெருங்கி நிற்பதால், 108 ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குக் காலதாமதம் ஆகக்கூடும். தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எவ்வழியே கொண்டுசெல்வது, மேல்சிகிச்சை தேவைப்பட்டால் 50 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு யார் உடன் செல்வது என்பன முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையைக் கண்டபின், ஆற்றோரமும் தாழ்வான பகுதியிலும் உள்ள இல்லங்கள் நடக்க இயலாதோரை எங்கு, எவ்வாறு மாற்றும் என்ற திட்டமின்றி இயங்குவது பொறுப்பாகாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லம் ஒன்றேனும் படிப்படியாக அமைய வேண்டும் என்று அது கூறுகிறது. முதியவரைக் கைவிடும் நோக்கத்துடன் எங்கேனும் விட்டுச்செல்வோர்க்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயப் பதிவையும் வரையறுக்க 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, அந்த அவையின் காலத்திற்குள் சட்டமாகவில்லை. அந்த இடைவெளியே குடும்பத்தாரின் விழிப்பை மேலும் தேவையாக்குகிறது. குறை கண்டால் மாவட்டச் சமூகநல அலுவலரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்தில் முறையிடலாம். முதியோர்க்கான கட்டணமில்லா உதவி எண் 14567.

குடும்பத்தார் செய்ய வேண்டுவது

பணம் செலுத்திவிட்டதால் கடமை முடிந்தது என்று எண்ணாமல், முன்னறிவிப்பின்றி, வெவ்வேறு வேளைகளில், குறிப்பாக இரவு உணவு நேரத்தில் சென்று பார்க்க வேண்டும். பெற்றோரிடம் பணியாளர் உடனின்றித் தனியே பேச வேண்டும். குதிகாலையும் முதுகையும் தம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெளியூரில் வாழ்வோர் உள்ளூர் உறவினர் ஒருவரிடமேனும் இப்பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். பார்வையாளர் எந்நேரமும் வரலாம் என்று கதவைத் திறந்துவைக்கும் இல்லத்தையே தேர்ந்தெடுங்கள்; வருவதற்கு நாளும் நேரமும் குறித்துத் தடைவிதிக்கும் இடத்தில், அது எத்துணை அழகிய கட்டடமாயினும், பெற்றோரை விடாதீர்கள்.