பழைய காரைச் செப்பனிடுவதா, மாற்றுவதா?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர் வீடுகள் சிலவற்றில் மாருதி 800 இன்னும் நிற்கிறது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி முடிந்தது. எஞ்சின் முனகினால் கலங்கவேண்டாம், பிரித்துச் செப்பனிடலாம். அஞ்சத்தக்கது துருவே. கடற்காற்றும் இரு பருவமழைகளும் அடித்தகட்டை அரிக்கும். புதுப் பெயிண்டோ அதனை மறைக்கும். (விற்க வருபவர் பெயிண்டைத்தான் காட்டுவார்!) ஆதலின் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்புறத்தைப் பார்த்த பின்னரே பணத்தை எடுங்கள்.

15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை, 2022 ஏப்ரலில் மைய அரசு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் வந்த வண்டியாயின், 12 மாதத்திற்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேரளப் பதிவெண் பெறவேண்டும். அதற்கு முதலில் பதிந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். தகடு உளுத்த வண்டிக்கு இத்தனை செலவும் அலைச்சலும் வீண் என்பதே என் கருத்து. தகடு உறுதியாயிருப்பின், எஞ்சினைப் பிரிக்கச் சொல்லுங்கள்.