நுளம்பின் உறவும் அதன் பயணத் தூரமும்



மாரி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குக் காய்ச்சல் பற்றிய அச்சமும் தொடங்கிவிடுகிறது. "எங்கள் வளவு துப்புரவாகவே இருக்கிறது, நுளம்பு எங்கிருந்தோ பறந்து வருகிறது" என்று பலரும் கூறக் கேட்கிறோம். அந்த 'எங்கிருந்தோ' எவ்வளவு தூரம் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

முன்னர், நுளம்புகள் மீது வண்ணப்பொடி தூவிப் பறக்கவிட்டு, மீண்டும் பிடித்துத் தூரத்தை அளந்தனர். ஆனால் பறக்கவிட்டவற்றுள் மிகச் சிலவே திரும்ப அகப்படும். எனவே அறிஞர் வேறொரு வழியை நாடினர். அதுதான் உறவுமுறை பார்க்கும் வழி.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தன் முட்டைகளைப் பல கலங்களிற் பகிர்ந்து இடும் இயல்புடையது. வெவ்வேறிடங்களில் முட்டைப் பொறிகளை வைத்து, அவற்றிற் கிடைப்பவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டால், உடன்பிறந்தவை எவை, ஒன்றுவிட்ட உறவினவை எவை என்பது புலனாகும். உடன்பிறந்தவற்றுக்கு இடையேயுள்ள தூரம், தாய் முட்டையிட அலைந்த தூரத்தைக் காட்டும். ஒன்றுவிட்டவற்றின் இடைத்தூரத்தில் முந்திய தலைமுறையின் பயணமும் சேர்ந்திருக்கும். தாய் அலைந்த பங்கைக் கணித முறையால் நீக்கினால், ஒரு தலைமுறை பரவும் தூரம் தெளிவாகும்.

மலேசியாவில், கோலாலம்பூர் வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் இம்முறையைக் கையாண்ட ஆய்வு 2019 இல் வெளியாயிற்று. ஒரு தலைமுறை பரவும் இடைநிலைத் தூரம் சுமார் 75 மீற்றரே என அது கணித்தது. சில நுளம்புகள் இதனைக் கடந்தும் செல்லும். அந்நகரத்துக் கணக்கு நம் பனங்கூடல்களுக்கும் வளவுகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. எனினும் ஈடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்தை அண்டியே வாழ்வது என்பது இதனால் வலுப்பெறுகிறது.

உவர்நீரில் இந்நுளம்பு பெருகாது என்ற எண்ணமும் நம்மிடையே இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பிறரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு அதனை மாற்றியது. கரையோரத்திற் கைவிடப்பட்ட வள்ளங்களிலும், பாவனையற்ற கிணறுகளிலும் உள்ள உவர்நீரில் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டனர்.

ஆகவே, நம்மைக் கடிக்கும் நுளம்பு பிறந்த இடம் பெரும்பாலும் கூப்பிடு தூரத்திலேயே இருக்கும். அது நம் வளவுச் சிரட்டையாகவோ, வேலிக்கு அப்பாலுள்ள பாழ்ங்கிணறாகவோ இருக்கலாம். ஒரு வீட்டார் மட்டும் துப்புரவு செய்வது போதாது. அயலார் பத்து வீட்டாரும் ஒரே நாளிற் கூடிக் கலங்களைத் தேய்த்துக் கழுவி, கிணறுகளை மூடி, பழைய வள்ளங்களைக் கவிழ்த்து வைப்பாராயின், பயன் கண்கூடாகும்.